தியாகி காசிமாயன் துப்பாக்கியின் எடை

வண்டிப்புடவு பேரூராட்சியில் எங்கள் தெருவுக்கு என் மாமனார் பெயரை வைத்த குடியரசு தினத்தன்று மத்தியானமே அவருடைய துப்பாக்கி கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்க ஆரம்பித்துவிட்டது, ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்து, காப்பி கொடுத்து, பந்தல்காரனை அனுப்பி, போட்டோக்காரனை அனுப்பி, மாலைகளிலிருந்து உதிர்ந்த பூவையெல்லாம் கூட்டி அள்ளிய அலைச்சலில் எனக்கு அது தெரியவில்லை. மேடையில் காட்டிவிட்டுக் கொண்டுவந்ததை மாடிச் சுவரில் மாட்டப்போன என் வீட்டுக்காரர்தான் கீழே இறங்கி வந்து, ஆணி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்றார். வேறு ஆணி அடியுங்கள் என்றேன். அதுவும் வந்துவிட்டது. நாலாவது ஆணிக்குச் சுவரே கொஞ்சம் பெயர்ந்து வந்ததும் துப்பாக்கியைத் தரையில் கிடத்திவிட்டு, எனக்கு வயசாகிவிட்டது செண்பகம், கை ஓய்ந்துவிட்டது என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். கை ஓய்ந்தவர் சாயங்காலம் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். பெயர் தனுஷ்கோடி. மற்ற வீடுகளில் ஓய்வு பெற்றவர்கள் சீட்டாடுவார்கள், கோயில் கோயிலாகப் போவார்கள், மருமகளைக் குறை சொல்வார்கள், இவர் பழைய பட்டாளத்துத் துப்பாக்கி சேர்க்கிறார். மொத்தம் ஏழு. ஆறு துப்பாக்கிகளுக்கு முறைப்படி குழாயை அடைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள், அவை சுடாது. ஏழாவது மாமனார் வைத்துவிட்டுப் போன மார்ட்டினி ஹென்றி, அதற்குப் பரம்பரை ஆயுதம் என்று தனி லைசென்ஸ் உண்டு. சேர்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, எந்தப் படையில் இருந்தது, யார் தோளில் தொங்கியது என்று கண்டுபிடித்தாக வேண்டும். இரும்பிலும் கட்டையிலும் குத்தியிருக்கும் கிரீடம், அம்புக்குறி, வருஷம், எண் எல்லாவற்றின் மேலும் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தேய்த்துப் பதிவெடுத்து, சீமையில் இருக்கிற மியூசியங்களுக்கெல்லாம் தபால் எழுதி, எட்டு மாதம் கழித்து ஒரு பதில் வந்ததும் கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சள் தடவி, நான் தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று வாசிப்பார். இது பர்மாவுக்குப் போய்விட்டு வந்தது செண்பகம். இது மெசபடோமியாவில் ஏழு மாதம் மணலில் கிடந்தது செண்பகம். கல்யாணமான புதிதில் ஆயுத பூஜைக்கு நான் ஒரு துப்பாக்கியைப் புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்குப் போல் பளபளவென்று ஆக்கி, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தியபோது, நூறு வருஷத்துக் கறையைத் துடைத்துவிட்டாயே, எண்ணெல்லாம் மழுங்கிவிட்டதே என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவர் அவர். ஆறு துப்பாக்கிக்கும் ஆறு தடித்த ஃபைல்கள். ஏழாவது ஃபைலில் லைசென்ஸ் நகலைத் தவிர ஒரு காகிதம் கிடையாது.

"இதுக்கு மட்டும் ஏன் எவனுக்கும் எழுத மாட்டேங்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்கப்பா சொன்னதே இருக்கு. அதுக்கு மேல எந்த வெள்ளைக்காரன்கிட்ட போய்க் கேக்கச் சொல்ற?"

அப்பா சொன்னது ஊருக்கே தெரியும். நாற்பத்தாறாம் வருஷம் குயில்மேடு எஸ்டேட்டில் தேயிலைத் தொழிலாளிகளை நோக்கித் துரை துப்பாக்கியை நீட்டியபோது, அங்கே காவல்காரராக இருந்த என் மாமனார் காசிமாயன் பாய்ந்து அதைப் பிடுங்கினார், துரை குதிரையேறி ஓடிவிட்டான், அதுதான் இந்தத் துப்பாக்கி. தெருப்பெயர் அதற்காகத்தான்.

இந்த வீட்டின் கீழ்த்தளம்தான் என் தையல்கடை. நாலு மிஷின். இரண்டாவது மிஷினில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் குருவம்மாள். அவளுடைய குடும்பமும் குயில்மேடு எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்ததுதான். அவள் வெட்டினால் துணி மிச்சமாகும், அவள் கழுத்து வைத்தால் மணப்பெண் கண்ணாடியைவிட்டு நகர மாட்டாள், அவள் ஒருநாள் லீவு போட்டால் நான் கடையைப் பாதியில் பூட்டிவிடுவேன். மாடியில் அந்தத் துப்பாக்கி கிடந்தது சரியாக அவள் தலைக்கு மேலே.

மறுநாள் ஏலக்காய் வியாபாரி சிக்கந்தர் ராவுத்தர் கடையிலிருந்து மூட்டை நிறுக்கும் மேடைத் தராசைக் கொண்டுவந்து, ஆறு பேர் கடப்பாரை கொடுத்து நெம்பித் துப்பாக்கியை அதன் மேல் ஏற்றினார்கள். நாலு கிலோ இருக்க வேண்டியது. சிவப்பு எழுத்தில் முந்நூற்றுப் பதினொன்று என்று காட்டியது. ராவுத்தர் தராசைத் தட்டிப் பார்த்தார், தான் ஏறி நின்று பார்த்தார், அவர் எடையைச் சரியாகவே காட்டியது. பிறகு ஒரு பேச்சுக்கு, "இருக்காதா பின்னே, எங்க தாத்தா இதுக்குத் தோட்டா சப்ளை பண்ணும்போதே கனமாத்தான் இருக்கும்பாரு" என்றார். முந்நூற்றுப் பதினாறு ஆனது.

அப்படித்தான் ஊருக்கு விஷயம் பிடிபட்டது. அந்தத் துப்பாக்கியைப் பற்றி யார் எந்தப் பொய்யைச் சொன்னாலும் அதன் எடை ஏறியது. வேறு பொய்க்கு ஏறவில்லை. இரண்டு பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்து தராசுக்கு முன்னால் நிறுத்தி, போன சனிக்கிழமை எங்கே போனாய் சொல் என்று கேட்டார்கள், அவர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள், ஒரு கிராம்கூட நகரவில்லை, எதற்கும் உதவாத துப்பாக்கி என்று திட்டிவிட்டுப் போனார்கள். தன்னைப் பற்றிய பொய் மட்டும்தான் அதற்குக் கணக்கு. இது தெரிந்த பிறகாவது ஊர் வாயை மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன். ஊரைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

காலை பத்து மணிக்கு நான் கடை திறக்கும் முன்பே மாடிப்படியில் ஆள் நிற்கும். பஸ்ஸுக்கு அரைமணி இருக்கிறது என்று வருகிறவர்கள், பொண்ணு பார்க்க வந்த இடத்தில் பொழுது போகவில்லை என்று வருகிறவர்கள், மளிகை வாங்க வந்த எஸ்டேட்காரர்கள், எல்லோருக்கும் அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல ஏதோ இருந்தது, ஏற ஏறச் சந்தோஷம், அவன் சொன்னதுக்கு ஒன்றரைதான், நான் சொன்னதுக்கு மூன்று என்று படியிறங்கும்போது பேசிக்கொள்வார்கள். ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் அருளானந்தம் மட்டும் பொய் என்று தெரிந்து சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம். ஒரு பாளையக்காரர் படையிலிருந்து இந்தத் துப்பாக்கி வந்த வழியைப் பதினாலு பக்கம் ஆராய்ச்சியாக எழுதி மேடையில் போல நின்று வாசித்தார், முடிவுரைக்கு வருவதற்குள் இருபத்திரண்டு கிலோ ஏறிவிட்டது. அந்தப் பாளையக்காரர் செத்து நூறு வருஷம் கழித்துச் செய்த துப்பாக்கி அது, வருஷம் இரும்பிலேயே குத்தியிருக்கிறது. சொன்னதற்கு, "வருஷத்தை அப்புறம் குத்தியிருக்கலாமேம்மா" என்றார். அதற்கும் அரைக் கிலோ.

மாசி பிறந்தபோது கடையின் கூரை குருவம்மாள் தலைக்கு மேல் தொந்தி போல இறங்கிவிட்டது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டுப் பதினோரு சவுக்குக் கம்புகளை மிஷினுக்கும் மிஷினுக்கும் நடுவே முட்டுக் கொடுத்து நிறுத்தினார். ஊர் அதற்கும் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அளவு கொடுக்க வந்தவர்கள் கம்பில் பையை மாட்டினார்கள், பிள்ளைகள் கம்பைச் சுற்றி விளையாடினார்கள், ஒருத்தி கம்பில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டுவிட்டு ஜாக்கெட் மாட்டிப் பார்த்தாள். மிஷினை வேறு பக்கம் நகர்த்திக்கொள் குருவு என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். "வெளிச்சம் இங்கதானக்கா இருக்கு, விழுந்தா உங்க மேலயுந்தான விழும்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இதற்கு மேல் மறைத்துப் பிரயோசனமில்லை. முதல் நாள் தராசு காட்டிய முந்நூற்றுப் பதினொன்று எங்கிருந்து வந்தது என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். குடியரசு தின மேடையில் மூத்த மருமகள் நாலு வார்த்தை பேசட்டும் என்று என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். மாமா சாகிறதுக்கு முந்தின வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, துரையிடமிருந்து பிடுங்கியதைத் தன் வாயாலேயே சொன்னார் என்று நான் பேசினேன். மாமா என் கையைப் பிடித்தது நிஜம். அது தொண்ணூற்றேழாம் வருஷம், மத்தியானம், நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். துப்பாக்கி பட்டாளத்தில் கழித்துவிட்டது, தோட்டத் துரைகள் தங்களுக்குள் ஒரு படை நடத்தினார்கள், அதற்கு வந்தது, அதிலிருந்து மேனேஜருக்கு வந்தது, மேனேஜர் கொடுத்து நான் சுட்டேன் தாயீ என்று சொன்னார். பிள்ளை பெற்றவளை மூன்றாம் நாளே கூடை தூக்கச் சொல்கிறார்களே என்று கேட்டுக் கூட்டம் கூட்டிய சடையாண்டி என்கிறவனை, பதினோராம் நம்பர் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தனியாக மடக்கிச் சுட்டு, அங்கேயே மூன்று சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே புதைத்து, அவன் ஒருத்தியோடு கண்டிக்கு ஓடிவிட்டான் என்று மேனேஜரும் அவருமாகச் சேர்ந்து ஊரில் சொல்லிவிட்டார்களாம். அதற்கு இனாம்தான் துப்பாக்கி. அவன் மகள் வீரம்மா கீழத்தெருவில் இருக்கிறாள், நான் போன பிறகு அவளிடம் சொல்லிவிடு என்றார். சொல்கிறேன் மாமா என்றேன்.

வீரம்மாவின் மகள்தான் குருவம்மாள்.

நான் சொல்லவில்லை. முதலில் கருமாதி முடியட்டும் என்றிருந்தேன், பிறகு வீட்டுக்காரர் மனசு தேறட்டும் என்றிருந்தேன், பிறகு குருவம்மாள் வேலைக்கு வந்து சேர்ந்தாள், அவள் கை வாகு எனக்குப் பழகிவிட்டது, பிறகு சொல்ல நாளே அமையவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் வீரம்மா செத்தபோது பெரிய ரோஜா மாலையாக வாங்கிக்கொண்டு நான்தான் முதலில் போய் நின்றேன்.

பங்குனியில் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், வாக்கு எண்ணி முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும், வழக்கமாக வீட்டுக்காரர் பழைய வேட்டியில் சுற்றி சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். ஏட்டு பால்பாண்டி வந்து தராசைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஸ்டேஷன்ல இருக்கணும் சார். இல்லேன்னா லைசென்ஸ் கேன்சல். கேஸும் ஆகும்."

"தூக்க முடியலையே ஏட்டய்யா. நீங்களே பாக்குறீங்க."

"தூக்க முடியலேன்னு எழுத எங்க ரிஜிஸ்டர்ல இடம் இல்ல சார்."

"ஸ்டேஷனை இங்க கொண்டாந்துர வேண்டியதுதானே" என்று நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

சுமைக்காரர்கள் எட்டுப் பேர் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்தது. கிரேன்காரர் வந்து பார்த்து, சன்னலை இடித்தால் எடுக்கலாம், ஆனால் எடுக்கும்போது வீடு விழுந்தால் தன்னைக் கேட்கக் கூடாது என்றார். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. முகூர்த்த ஜாக்கெட் முப்பத்தாறு வெட்டிக் கிடந்தது. கம்புகள் இரண்டு வளைந்துவிட்டன.

திருப்பம் ராவுத்தரிடமிருந்து வந்தது, அதுவும் நல்லெண்ணத்தால் அல்ல. இரண்டு மாதமாகத் தராசைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர் அன்று மாடியேறி வந்து, "ஏலக்காய் சீசன் போச்சு, என் தராசைக் குடுங்கப்பா. எங்க தாத்தா தோட்டாவும் வித்ததில்ல ஒரு மண்ணும் வித்ததில்ல, அவரு வித்தது கருப்பட்டி" என்று கத்தினார். நானூற்றுப் பன்னிரண்டு நானூற்று ஏழானது. சொன்னதை வாபஸ் வாங்கினால் எடை இறங்குகிறது.

பிறகு மூன்று நாள் என் உயிரை வாங்கிவிட்டார்கள். பொய் சொல்ல வரிசையில் நின்ற ஊர், வாபஸ் வாங்க ஆள் விட்டுக் கூப்பிட வேண்டியிருந்தது. தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டார், சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டார், பல் பிடுங்கியிருக்கிறது பேச முடியாது. ஒரு கவுன்சிலர் வாபஸைக் கடிதமாக எழுதி அனுப்பினார், துப்பாக்கி கடிதத்தை ஏற்கவில்லை, நேரில் வந்து சொல்ல வேண்டியதாயிற்று, வந்தவர் வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் இன்னொரு பொய் சொல்லிவிட்டுப் போனார். அருளானந்தம் வாத்தியார் வாபஸ் என்ற சொல்லையே ஒப்புக்கொள்ளவில்லை. மறுபரிசீலனை செய்கிறேன் என்று ஆரம்பித்து வேறொரு பாளையக்காரருக்கு மாற்றினார், மூன்று கிலோ கூடியது. "சார், தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, நீங்க நல்லாயிருப்பீங்க" என்று நான் கையெடுத்துக் கும்பிட்ட பிறகு, நாற்பது வருஷ சர்வீஸில் சொல்லாத அந்த வார்த்தையைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஊர் முழுவதும் சொல்லி முடித்தாகிவிட்டது. கடைசியாக என் வீட்டுக்காரர் தராசுக்கு முன்னால் வந்து நின்றார். ஆறு துப்பாக்கிக்கும் அடி முதல் நுனி வரை கண்டுபிடித்த மனிதர், இதற்கு மட்டும் எழுதிக் கேட்கப் பயந்த மனிதர். "எங்கப்பா என்கிட்ட சொன்னதைத்தான் நான் சொன்னேன். நிஜமான்னு எனக்குத் தெரியாது. கேக்க எனக்கு தைரியம் இல்ல" என்றார். ஆறு கிலோ இறங்கி முந்நூற்றைந்தில் நின்றது. ஊர் முழுக்கச் சேர்ந்து சொன்ன பொய் நூற்றுச் சொச்சம்தான்.

"இன்னும் யாரும்மா பாக்கி?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது, அவர் மேல், மாமனார் மேல், நூற்றைந்து வீட்டுக் கதவைத் தட்டி எல்லோரையும் திட்டித் திட்டிக் கூட்டிவந்து என்னை மட்டும் விட்டுவைத்த என் மேல். தராசுக்கு முன்னால் நின்று வாபஸ் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். நம்பர் அசையவில்லை. நான் சொல்ல வேண்டிய இடம் அதுவல்ல.

கீழே இறங்கினேன். குருவம்மாள் ஒரு ஜாக்கெட் கைக்குப் பட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு பெண்களையும் சாப்பிட அனுப்பிவிட்டு, எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாமா சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மிஷின் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

"எப்போ சொன்னாரு?"

"தொண்ணூத்தேழுல."

அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்போ எங்கம்மா இருந்துச்சே."

"இருந்தாங்க."

"இருபது வருஷத்துக்கு மேல இருந்துச்சேக்கா." ஊசியை மேலே தூக்கி, துணியை உருவி, நூலைப் பல்லால் கடித்தாள். "ஓடிப்போனவன் மகள்னு அதை யாரும் கட்டல. எங்கப்பா ரெண்டாந்தாரமாத்தான் கட்டுச்சு. தெனம் காலையில வாசத் தெளிக்கும்போது தாத்தாவை வைஞ்சுட்டுத்தான் தெளிக்கும். சாகிற அன்னைக்கும் வைஞ்சுச்சு. நீங்க மாலை வாங்கிட்டு வந்தீங்க."

"வந்தேன்."

மேலே என்னவோ நெட்டி முறித்தது. கூரை ஏறியது. பிடிப்பு விட்டுச் சவுக்குக் கம்புகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து விழுந்தன, ஒன்று மிஷின் மேல் விழுந்தது, அவள் நகரவில்லை. என் வீட்டுக்காரர் ஒற்றைக் கையில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடிவந்து, "நாலு கிலோ செண்பகம், சரியா நாலு கிலோ" என்றார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். அவருக்கும் சொன்னேன். கேட்டுவிட்டுத் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஏட்டிடம் ஒப்படைத்தார், திரும்பி வரும் வழியில் பெயின்டர் ஒருவனைக் கூட்டிவந்து தெருப்பலகையில் இருந்த தன் அப்பா பெயரை வெள்ளையடித்து அழித்தார், பிறகு ஏழாவது ஃபைலில் ஒரு காகிதத்தைச் சொருகி அதன் தலைப்பில் சடையாண்டி என்று எழுதினார்.

மறுநாள் காலை குருவம்மாள் வந்தாள். உள்ளே வரவில்லை. தெருவிலேயே நின்றுகொண்டு, "வந்து இடத்தைக் காட்டுங்க" என்றாள்.

எஸ்டேட் பஸ்ஸில் போனோம். பதினோராம் நம்பரில் தண்ணீர்த் தொட்டி உடைந்து கிடந்தது, மூன்று மரத்தில் ஒன்றை வெட்டிவிட்டிருந்தார்கள், அதன் அடிக்கட்டை இருந்தது. இதுதான் என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், மண்ணை எடுப்பாள் என்று நினைத்தேன், ஒன்றும் செய்யவில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மூன்று நாளாக ஊரார் எங்கள் வீட்டு மாடியில் நின்ற மாதிரி நின்றாள்.

"தாத்தா, நான் வீரம்மா மக. எங்கம்மா இல்ல, அதுக்காக நான் சொல்றேன். உன்னைப் பொம்பளப் பொறுக்கின்னு சொன்னது வாபஸ். கண்டியில புழுத்துச் சாகணும்னு சொன்னது வாபஸ். பெத்த பிள்ள மொகத்தைப் பாக்காத பாவின்னு சொன்னது வாபஸ்."

வீரம்மா அறுபது வருஷம் வாசல் தெளித்தவள். அத்தனை காலையிலும் அவள் வைததை மகள் ஒன்றுவிடாமல் கேட்டிருந்தாள். நினைவு வர வர நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் சிலர் கூடையோடு வந்து ஓரமாக நின்றார்கள். வெயில் தலைக்கு வந்து சாய்ந்தது. கடைசியில் குரல் கம்மிப்போய், "பள்ளிக்கூடத்துல உன் பேரைச் சொல்லிச் சிரிச்சப்போ, நீ செத்தாத்தான் என்னன்னு நான் சொன்னேன் தாத்தா. அதுவும் வாபஸ்" என்றாள்.

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. நான் இரண்டு பேர் சீட்டில் ஜன்னல் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டேன். அவள் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவும் நின்றுகொண்டே வந்தாள்.